எங்கள் சமையலறைக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

சமையலறை வேலை முடிந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் கதவைத் திறந்து மூடி, மேடைக் கல்லைத் தடவிப் பார்த்து, "எல்லாம் நீங்களே செய்ததா?" என்று கேட்கிறார்கள். பாராட்டத்தான் கேட்கிறார்கள், எங்களுக்கும் சந்தோஷம்தான், ஆனால் வெறுமனே ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை. அவர்கள் கண்ணில் படுகிற கதவும் டைல்ஸும் எங்கள் கை வேலை, உண்மை. அந்தக் கதவு நேராக நிற்பதற்கும் டைல்ஸ் உதிராமல் இருப்பதற்கும் சுவருக்குள் தண்ணீர் கசியாமல் இருப்பதற்கும் காரணமானவர்கள் செய்ததெல்லாம் பூச்சுக்குள்ளும் பலகைக்குப் பின்னாலும் போய்விட்டது. இனி அதை யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் தனித்தனியாகச் சொன்னது போதாது என்று எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி கட்டிடக்கலை படித்த என் தோழிக்கு. நாங்கள் டைல்ஸ் நிறம் பற்றிப் பேச உன்னைக் கூப்பிட்டோம். நீ நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒரு வாரம் வழக்கம்போலச் சமை, எங்கே நிற்கிறாய், எதை எடுக்க எத்தனை முறை குனிகிறாய், சூடான பாத்திரத்தை இறக்கிவைக்க இடம் தேடுகிறாயா, இதை மட்டும் எழுதிவை" என்றாய். அப்போது நீ சொன்ன மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கியின் கதை இன்னும் நினைவில் இருக்கிறது. 1926-இல், இருபத்தொன்பது வயதில், பிராங்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சமையலறையை வரைந்தவர். சமைப்பவர் எடுத்துவைக்கும் அடிகளையும் அதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலறையை முன்மாதிரியாக வைத்து வரைந்தார். அதே வடிவத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் சமையலறைகள் கட்டப்பட்டன. எங்களுடைய இடம் சிறியது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னாய், அதன் பிறகு நான் புலம்பவே இல்லை.

அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைத்துப் போடும் முக்கோணக் கணக்கையும் சொல்லிக்கொடுத்தாய். 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது, ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடிக்குள். ஒருவர் மட்டும் சமைக்கும் வீட்டுக்கு அது நல்ல கணக்கு. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நிற்கிறவர்கள் என்பதால் நறுக்கும் இடம் ஒன்று, கழுவும் இடம் ஒன்று, அடுப்புப் பக்கம் ஒன்று என்று தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னது நீதான், அது எவ்வளவு சரி என்று தினமும் உணர்கிறோம். தரையில் டேப் ஒட்டி, அட்டைப்பெட்டிகளை அலமாரியாக அடுக்கி, இல்லாத கதவுகளைத் திறந்து மூடிப் பார்க்க வைத்தாய் பார், அதில்தான் மூலையில் இரண்டு இழுப்பறைகள் ஒன்றையொன்று இடிக்கும் என்பது தெரிந்தது. இடையில் ஒரு பட்டை விட்டதும் தீர்ந்துபோன விஷயம், அலமாரி செய்த பிறகு தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். மேடையின் உயரமும் அப்படித்தான். வழக்கமாகப் போடும் 36 அங்குலத்தை அப்படியே போடாமல், முழங்கையை மடித்து நிற்கச் சொல்லி, அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே என்று அளந்தாய். நறுக்கும் பக்கம் மட்டும் இப்போது அம்மாவின் உயரத்துக்கு இருக்கிறது. அம்மா தோள்வலி பற்றிப் பேசி நாளாகிவிட்டது.

அடுத்து மாடி வீட்டு ஐயாவுக்கு. வாழ்நாள் முழுக்கக் கொத்தனார் வேலை செய்து ஓய்ந்திருந்தவரை நாங்கள் ஓயவிடவில்லை. ஐயா, நீங்கள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எங்களைச் செய்ய விட்டீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. பிடுங்கிச் செய்திருந்தால் கால்வாசி நேரத்தில் முடித்திருப்பீர்கள். சுவர் எதுவும் நேராக இருக்காது என்று நம்பித்தான் அளக்க வேண்டும் என்பதை உங்களிடம்தான் கற்றோம். கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அளந்து மூன்றில் சிறியதை எடுக்க வேண்டும், மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்க்க வேண்டும், ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று மூலைமட்டம் சரிபார்க்க வேண்டும். தரையில் மேடான இடம் எது என்று ரசமட்டம் வைத்துக் கண்டுபிடித்து, அங்கிருந்துதான் அலமாரியின் உயரத்தைத் தொடங்க வேண்டும், பள்ளமான இடத்தில் அடியில் கட்டை கொடுத்துக்கொள்ளலாம், மேடான இடத்தை ஒன்றும் செய்ய முடியாது. "இங்கே ரெண்டு நூல் விட்டா அந்தக் கோடியில ரெண்டு அங்குலமா வந்து நிற்கும்" என்று நீங்கள் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு).

டைல்ஸ் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் தனியாக ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். பசையைத் தொடுவதற்கு முன்னால் எல்லா டைல்ஸையும் சும்மா வரிசையாக வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள், கண்ணில் படும் மூலையில் விரல் அகலத் துண்டு வந்து நிற்கக் கூடாது என்பதற்காக. பற்கள் உள்ள கரண்டியால் பசையைக் கீறும்போது கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓட வேண்டும், அப்போதுதான் அழுத்தும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறும், வட்டம் வட்டமாகக் கீறினால் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நன்றாக ஒட்டிவிட்டது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், "ஒண்ணைப் பெயர்த்து எடுத்துப் பின்னாடி பாரு" என்றீர்கள். பின்புறம் முழுக்கப் பசை படிந்திருந்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் தலையாட்டியபோது நாங்கள் இருவரும் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. மேடைக் கல்லும் சுவர் டைல்ஸும் சேரும் இடத்தில் டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கிரவுட் கலவையைப் போடாமல், ரப்பர் போல வளைந்துகொடுக்கும் சிலிக்கான் பசை வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். கல் ஒரு மாதிரி அசையும், சுவர் ஒரு மாதிரி அசையும், கெட்டியாக அடைத்தால் அந்த இடம்தான் முதலில் விரியும். வெட்டும்போது தண்ணீர் ஊற்றியே வெட்ட வேண்டும், முகமூடி இல்லாமல் ஒரு துண்டுகூட வெட்டக் கூடாது என்று கண்டிப்பாக நின்றீர்கள். அந்தத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. உங்களோடு வேலை செய்தவர்களுக்கு என்ன ஆனது என்று அன்று சாயங்காலம் நீங்கள் சொன்னதற்குப் பிறகு எங்களுக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குழாய் வேலைக்கு வந்த அண்ணாவுக்கு. பழைய கழிவுக் குழாயைத் திறந்ததும் நீங்கள் சிரிக்கக்கூட இல்லை, பேசாமல் ரசமட்டத்தை அதன் மேல் வைத்துக் காட்டினீர்கள். தண்ணீர் ஓடச் சரிவு, அதாவது வாட்டமே இல்லாமல் படுத்துக்கிடந்தது. முன்பு யார் போட்டதோ தெரியாது, சிங்க் ஏன் எப்போதும் அடைத்துக்கொண்டது என்பதற்கு அதுவே பதில். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்து நீங்கள் போட்ட குழாயில் இப்போது தண்ணீர் சத்தமில்லாமல் போகிறது. சுவரை மூடலாமா என்று நாங்கள் அவசரப்பட்டபோது, குழாய்க்குள் அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு விட்டு, காலையில் வந்து மீட்டர் முள் இறங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் பூச அனுமதித்தீர்கள். அந்த ஒரு இரவு எங்களுக்கு எத்தனை வருட நிம்மதி.

தங்கச்சி, உனக்கு. மின்சார வேலையில் எங்களைக் கை வைக்க விடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாய், உரிமம் பெற்ற நீயே முழுவதும் செய்தாய், ஒயர் போகச் சுவரில் காடி வெட்டுவதும் தூசி பெருக்குவதும்தான் எங்கள் பங்கு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தானே செய்கிறவர்கள் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நேராகச் சொல்லும் ஆள் வீட்டிலேயே இருப்பது பெரிய விஷயம். கேஸ் குழாய்க்கும் அப்படித்தான், அதற்குரியவர்கள் வந்து மாற்றி, சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துவிட்டுப் போனார்கள், அவர்களுக்கும் நன்றி. நீ டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் பாயிண்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, அப்புறம் அணைத்த பாயிண்டில் வைத்து, மறுபடியும் மின்சாரம் உள்ள பாயிண்டில் வைத்துப் பார்ப்பாய். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால்? அந்தப் பழக்கம் இப்போது எனக்கும் வந்துவிட்டது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் பிரேக்கர், ஃபிரிட்ஜுக்குத் தனி லைன், பாயிண்டிலிருந்து நேர் மேலேயோ நேர் பக்கவாட்டிலோ மட்டும் ஓடும் ஒயர் என்று எல்லாவற்றையும் பின்னால் இங்கே ஆணி அடிக்கப்போகிறவரை நினைத்துச் செய்திருக்கிறாய். பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் பிடித்துப் படம் எடுத்துவைக்கச் சொன்னாயே, மேல் அலமாரிக்குத் துளை போடும் நாளில் அந்தப் படங்களை எத்தனை தடவை திறந்து பார்த்தோம் தெரியுமா.

தச்சு வேலை தெரிந்த மாமாவுக்கு. பலகை வாங்கும் முன் ஒரு துகள்பலகைத் துண்டையும் ஒரு நல்ல பிளைவுட் துண்டையும் வாளியில் ஊறப்போட்டுக் காட்டினீர்கள். ஊதிப்போன துகள்பலகை காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராததைப் பார்த்ததும் சிங்க்குக்குக் கீழே எதைப் போடுவது என்ற பேச்சே முடிந்துவிட்டது. வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றையும் அடைத்த பிறகுதான் பொருத்த வேண்டும் என்றீர்கள், தண்ணீர் உள்ளே நுழைவது அந்த விளிம்பு வழியாகத்தான். கீலுக்கான 35 மில்லிமீட்டர் குழியைப் போடும்போது துளைக் கருவியில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொடுத்தீர்கள், 18 மில்லிமீட்டர் பலகையில் மறுபக்கம் துருத்திக்கொண்டு வராமல் இருக்க. மேல் அலமாரியை முதலில் மாட்டச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கீழ் அலமாரி இல்லாதபோதுதான் சுவரை ஒட்டி நின்று தூக்க முடியும் என்பது செய்து பார்த்ததும் புரிந்தது. சுவரில் முதலில் ஒரு பட்டையை மட்டமாக அடித்து, பெட்டியை அதன் மேல் உட்காரவைத்து, போல்ட் பூச்சைத் தாண்டிச் செங்கல்லைப் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தீர்கள். பாத்திரம் முழுக்க அடுக்கிய அலமாரியின் கீழே இப்போது நான் பயமில்லாமல் நிற்கிறேன்.

கல் தூக்க வந்த தம்பிகள் நான்கு பேருக்கும். 20 மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு 54 கிலோ வரும், மூன்று மீட்டர் நீளக் கல் என்றால் நூறு கிலோவை ஒட்டும். படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே உடையும் என்பதால் நிமிர்த்திப் பிடித்தே கொண்டுவந்தீர்கள், சிங்க்குக்காக வெட்டிய குறுகிய இடத்தில் கட்டை வைத்துக் கட்டி, படியில் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டு. அன்று மழை வேறு. அலமாரிகளைப் பொருத்தி முடித்த பிறகுதான் கல்லுக்கு அளவு எடுத்தோம் என்பதால் கொண்டுவந்து வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டது, நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன சொல்ல? எங்கள் சத்தத்தையும் தூசியையும் பொறுத்துக்கொண்டதே பெரிது, அதற்கு மேல் உங்கள் அடுப்பையும் கொடுத்தீர்கள். குளியலறையில் பாத்திரம் கழுவிக் களைத்துப்போயிருந்த நாட்களில் நீங்கள் கதவைத் தட்டி, "இன்னைக்கு எங்க வீட்டுலதான்" என்று சொன்னது அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிய என் மகளுக்கும், துளை போடும் சத்தத்தில் படிக்க வேண்டியிருந்த அக்காவின் பிள்ளைகளுக்கும் சேர்த்தே நன்றி.

கடைசியாகச் சில காரியங்கள். மாமா, உங்கள் டைல்ஸ் கட்டரைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். மீதியான டைல்ஸ் ஒரு பெட்டி பரணில் இருக்கிறது, ஐயா வீட்டுப் பின்கட்டுக்கு அந்த அளவு பொருந்தும் என்று நினைக்கிறேன், வந்து பாருங்கள். நீள ரசமட்டமும் பலகை இறுக்கும் கவ்விகளும் இப்போது எங்களிடம் இருக்கின்றன, உங்களில் யார் வீட்டில் வேலை தொடங்கினாலும் எடுத்துப்போகலாம், கல் தூக்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் இருவர் இருக்கிறோம். தோழி, நீ மட்டும் இன்னும் முடிந்த பிறகு வந்து பார்க்கவில்லை. அடுத்த வாரம் வா, இப்போது நிறத்தைப் பற்றிப் பேசலாம்.

மனம் நிறைந்த நன்றியுடன்,
உங்கள் எல்லோருடைய உழைப்பிலும் தினமும் சமைப்பவள்