அந்த ஸ்டுடியோ பேண்டை நீ எடுத்துக்கொள்

பொன்மலை, திருச்சி

அன்புள்ள பாப்பா,

அந்த ரெக்கார்டு கம்பெனி தன் ஸ்டுடியோ பேண்டை, அதாவது ஒலிப்பதிவுகளுக்கு வாசிக்கும் வாத்தியக் குழுவை, நடத்த உன்னைக் கூப்பிட்டிருக்கிறது என்றாய். துள்ளிக் குதிப்பாய் என்று பார்த்தால் குரலில் சுரத்தே இல்லை. "ஒப்புக்கொண்டால் காலத்துக்கும் பக்கவாத்தியம்தான்பா, என் பாட்டை எப்போது போடுவது?" என்று கேட்டாய். போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். ஒப்புக்கொள் என்பதுதான் என் பதில். அமெரிக்க சாக்ஸபோன்காரர் கிங் கர்ட்டிஸை வைத்துத்தான் அதைச் சொல்லப் போகிறேன். "ஆரம்பிச்சிட்டார்" என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களுக்கு டெனர் சாக்ஸ் ஊதிய காலத்திலிருந்து எனக்கு அவர்மேல் பைத்தியம். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்தியப் பக்கத்து வீட்டுக்காரர் விட்டுப்போன இசைத்தட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. உன் அம்மா அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் விட்டதே பெரிய விஷயம்.

மனிதர் 1934இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தவர். அதே ஊரில், அதே ஐ.எம். டெரல் பள்ளியில் படித்த இன்னொரு சாக்ஸ்காரர் ஆர்னெட் கோல்மன். அவர் ஃப்ரீ ஜாஸ் என்ற கட்டுப்பாடில்லாத ஜாஸ் பக்கம் போய் வரலாறானார். கர்ட்டிஸ் 1952இல் நியூயார்க்கில் இறங்கி, கூப்பிட்ட ஸ்டுடியோவுக்கெல்லாம் போய் வாசித்தார். ஒருவர் கலைஞர், மற்றவர் கூலிக்கு ஊதுபவர் என்று பேசுகிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. உன் நண்பர்கள் சிலரும் அப்படிப் பேசுவதாகத் தெரிகிறது.

கோஸ்டர்ஸ் குழுவின் 'யாக்கெட்டி யாக்' பாட்டை எடுத்துக்கொள். 1958இல் அட்லாண்டிக் கம்பெனியின் கிளை லேபிளில் வந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. குப்பையைக் கொட்டு, அறையைப் பெருக்கு என்று பிள்ளையை விரட்டும் பெற்றோரின் பாட்டு. உனக்குப் பழக்கமான விஷயம்தான். நடுவில் கர்ட்டிஸ் வருகிறார். சுரங்களை இழுப்பதே இல்லை. நாக்கால் வெட்டி வெட்டி, கொக்கரிக்கிற மாதிரி ஊதுகிறார். திட்டு வாங்கிய பையன் முதுகுக்குப் பின்னால் பழிப்புக் காட்டினால் எப்படி இருக்கும், அது. பாட்டின் வேடிக்கையில் பாதி அந்த சாக்ஸில்தான் இருக்கிறது. பாட்டு என்ன சொல்கிறது என்று காதில் வாங்காத ஒருவரால் அப்படி ஊத முடியாது.

அப்புறம் 1967 பிப்ரவரி 14. பிராட்வேயில் அட்லாண்டிக்கின் ஸ்டுடியோ. பாடகி அரீதா ஃபிராங்க்ளின், பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் 'ரெஸ்பெக்ட்' பாட்டைத் தன் பாணியில் பாடுகிறார். மூலப் பாட்டில் பிரிட்ஜ், அதாவது நடுவில் மாறி ஒலிக்கும் பகுதி, கிடையாது. இவர்களுக்கு ஒன்று வேண்டியிருந்தது. சாம் அண்ட் டேவ் ஜோடி பாடிய வேறொரு பாட்டின் கார்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை, எடுத்து நடுவில் வைத்தார்கள். சி சுருதியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று எஃப் ஷார்ப் மைனருக்குத் தாவுகிறது. நீ பேஸ் கிதார் வாசிக்கிறவள், அது எவ்வளவு தூரம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேதான் கர்ட்டிஸின் டெனர். எட்டே எட்டு பார், அதாவது எட்டு தாளச் சுற்று. தன் வித்தையைக் காட்ட எட்டு பார் போதாது, ஆனால் கேட்பவரை அந்தத் தாவலே தெரியாமல் அக்கரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர அதுவே போதும். உடனே அரீதா உள்ளே வந்துவிடுகிறார். கூட ஒரு சுரம் கிடையாது. இன்று இரவு ஹெட்ஃபோனில் அதை மட்டும் கேள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கர்ட்டிஸ் தன் பாட்டைப் போடாமலா இருந்தார்? 1962இல் 'சோல் ட்விஸ்ட்' ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். பிறகு 'சோல் செரனேட்'. 1967இல் 'மெம்பிஸ் சோல் ஸ்டூ'. இதெல்லாம் அடுத்தவர் ரெக்கார்டிங்குகளுக்கு ஓடிக்கொண்டே செய்தது. ஸ்டுடியோவில் தினமும் உட்கார்ந்தவருக்கு எந்த டிரம்மர் தாளத்தைக் கொஞ்சம் பின்னால் போடுவார், எந்த கிதார்காரர் சும்மா இருக்கத் தெரிந்தவர் என்பதெல்லாம் அத்துப்படி. தன் கிங்பின்ஸ் குழுவுக்கு ஆள் சேர்த்தது அந்தக் காதை வைத்துத்தான்.

1971 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் மூன்று ராத்திரி அரீதாவின் கச்சேரி. முன்னால் வாசித்ததும் கிங்பின்ஸ், அரீதாவுக்குப் பின்னால் வாசித்ததும் அவர்களே. டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி, பேஸில் ஜெரி ஜெமட், கிதாரில் ஃபோர்ட் வொர்த்காரரான கார்னெல் டுப்ரீ, ஆர்கனில் பில்லி பிரஸ்டன், கூடவே மெம்பிஸ் ஹார்ன்ஸ் என்ற ஊதுவாத்தியக்காரர்கள். 'மெம்பிஸ் சோல் ஸ்டூ'வில் கர்ட்டிஸ் சமையல்காரர் மாதிரி அளவு சொல்லி ஒவ்வொரு வாத்தியமாகக் கூப்பிடுவார். பேஸ் அரை டீ கப், ஆர்கன் ஒரு சிட்டிகை, இப்படி. முதலில் கூப்பிடுவது பேஸை, அதைக் கவனி! தன் சாக்ஸை எடுக்கும்போது பேண்ட் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். தலைவர் என்றால் முதலில் மைக்கைப் பிடிப்பவர் என்று நினைக்கும் நம் மெல்லிசைக் குழுக்காரர்கள் சிலருக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

அந்த ஆகஸ்ட் 13 அன்று கர்ட்டிஸ், நீ இருக்கும் அதே நியூயார்க்கில், மேற்கு 86ஆம் தெருவில் தன் வீட்டு வாசலில் ஏதோ வாக்குவாதத்தில் கத்திக்குத்துப் பட்டு இறந்தார். வயது 37. இதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்த ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் தேவாலயத்தில் அரீதா பாடி ஒலிப்பதிவான 'அமேசிங் கிரேஸ்' தட்டின் பின்னட்டையைப் பார்: டுப்ரீயும் பர்டியும் அங்கே இருக்கிறார்கள். அவர் சேர்த்த பேண்டின் ஆட்கள்.

ஒப்புக்கொள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு என்று அர்த்தமில்லை. சம்பளம் கால்ஷீட் கணக்கா, மாதக் கணக்கா என்று கேள். உறையில் எல்லார் பெயரும் வர வேண்டும் என்று எழுதி வாங்கு. நான் வாசித்த இரண்டு கேசட்டுகளில் பாடியவர் படம்தான் உண்டு, எங்கள் யார் பெயரும் கிடையாது. வருஷத்தில் ஒரு தட்டு பேண்டின் பெயரிலேயே வரட்டும் என்று இப்போதே கேட்டுவிடு. சேர்ந்தபின் கேட்டால் தர மாட்டார்கள். உன் பாட்டு அதில் ஏறட்டும்.

டிரம்ஸுக்கு யாரை யோசித்து வைத்திருக்கிறாய்? போன மாதம் அனுப்பிய பாட்டில் வாசித்த பெண் நன்றாக இருக்கிறாள், ஆனால் ஹை-ஹாட் ஜோடித் தட்டுகளைக் கொஞ்சம் அதிகம் திறக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அம்மா பருப்புப்பொடி பார்சல் வந்ததா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா