புண்ணின் கட்டை நனைத்துவிட்டுப் பிரிப்பது

திருநெல்வேலி,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வாரம் தொலைபேசியில் நான் பேசியது சரியில்லை. மனநலச் சிகிச்சைக்கு ஐந்து முறை போய் வந்தும், அப்பாவை நாம் இழந்த அந்தப் பேருந்து விபத்தைப் பற்றி இன்னும் தொடங்கவே இல்லை என்று நீ சொன்னதும், "பிறகு எதற்கு வாராவாரம் வரச் சொல்கிறார்கள், சட்டென்று முடித்துவிட வேண்டியதுதானே" என்று கேட்டுவிட்டேன். நீ அதற்குப் பதில் சொல்லாமல், சாப்பிட்டாயா அம்மா என்று பேச்சை மாற்றினாய். 32 ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவள் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாத கேள்வி அது.

தீக்காய வார்டில் கட்டு மாற்றும்போது, காய்ந்து புண்ணோடு ஒட்டிய காஸ் துணியை நாங்கள் இழுத்ததே இல்லை. இழுத்தால் அடியில் அரும்பியிருக்கும் புதுத்தோலும் சேர்ந்து வந்துவிடும். சலைன் ஊற்றிக் காத்திருப்போம். ஓரம் தானாக இளகி எழும்பும்வரை மறுபடியும் ஊற்றுவோம். பக்கத்தில் நிற்கும் உறவினர்கள் "சீக்கிரம் பிரிங்க சிஸ்டர், புள்ள அழுவுது" என்பார்கள். அவர்களிடம் எத்தனை முறை பொறுமை சொல்லியிருப்பேன்! என் பிள்ளை என்று வந்தபோது நானும் அதே உறவினராக நின்றுவிட்டேன்.

இந்த ஒரு வாரத்தில், என்னோடு வேலை பார்த்த மனநல மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், படித்தும் ஓரளவு தெரிந்துகொண்டேன். 1987இல் அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷபிரோ, தம் கண்கள் இருபக்கமும் அசைந்தபோது மனத்தை அரித்துக்கொண்டிருந்த எண்ணத்தின் கடுமை குறைவதைக் கவனித்ததிலிருந்து பிறந்ததாம், கண்ணசைவின் துணையோடு அதிர்ச்சி நினைவுகளின் கடுமையைக் குறைக்கும் இந்த இ.எம்.டி.ஆர். சிகிச்சை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கு இதையும் பரிந்துரைத்திருக்கிறது. எட்டுக் கட்டங்கள் கொண்ட இந்த முறையில் விரலைப் பின்தொடர்ந்து கண்ணை அசைத்துப் பழைய நினைவைத் தொடுவது நான்காவது கட்டத்தில்தான் வருகிறது. உன் வரலாற்றைக் கேட்டறிவது முதல் கட்டம், இப்போது நீ இருக்கும் ஆயத்தம் இரண்டாவது. ஆகவே சிகிச்சை தொடங்கவில்லை என்று நான் எண்ணியதே தவறு. சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை அவசரமில்லாத அறுவைச் சிகிச்சையை எந்த மருத்துவரும் தள்ளித்தானே வைப்பார்?

நீ முதலில் கற்க வேண்டியது திரும்பி வருவதை. அந்த நினைவுக்குள் போகும்போது ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இன்றைய அறையிலும் ஊன்றியிருக்க வேண்டும். இரண்டு கால்களும் அங்கேயே போய்விட்டால் நடப்பது சிகிச்சை அல்ல, அந்த இரவை மறுபடியும் அனுபவிப்பதுதான். அதற்காகவே மனத்தில் ஓர் அமைதியான இடத்தை அமைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நீ முதலில் ஆச்சி வீட்டுத் திண்ணையை எடுத்துக்கொண்டதாகவும், அங்கே உட்கார்ந்ததும் அப்பாவின் செருப்பு கண்ணில் பட்டு மூச்சு முட்டியதாகவும் சொன்னாய். இழந்தவர்களின் நினைவு கலக்காத இடமாக இருப்பதே நல்லது என்று அந்த மருத்துவரும் சொன்னார். இப்போது நீ தேர்ந்திருக்கும் குறுக்குத்துறைப் படித்துறை எனக்கும் பிடித்திருக்கிறது. தாமிரபரணித் தண்ணீருக்குள் இரண்டாம் படியில் கால் வைத்ததும் சிறு மீன்கள் குதிகாலைக் கொத்தும், நீ கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு மறுபடியும் வைப்பாய். அந்தக் கூச்சத்தையும், ஈரக்கல்லின் வழுக்கலையும் சேர்த்தே நினைத்துப் பார். மனம் நன்றாக இருக்கும் வேளையில் தினமும் சில நிமிடங்கள் அங்கே போய் வா. பிறகு, அலுவலகத்தில் யாரோ எரிச்சலூட்டியது போன்ற சிறிய சங்கடத்தில் அது உதவுகிறதா என்று பார். சிறியதற்கே உதவாத இடத்தை நம்பிப் பெரியதற்குள் இறங்கக் கூடாது.

இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்து, தோள்களை மாறி மாறி மெல்லத் தட்டும் பட்டாம்பூச்சி அணைப்பையும் உனக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள் அல்லவா? மெக்சிகோவின் அக்காபுல்கோவை 1997இல் பாலின் புயல் தாக்கிய பிறகு, அதில் தப்பிய குழந்தைகளோடு வேலை செய்தபோது லூசினா ஆர்த்திகாஸ் என்பவர் உருவாக்கியதாம் அது. அந்தப் பிள்ளைகள் தங்கள் தோளைத் தாங்களே தட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் படித்துறையை நினைத்துக்கொண்டு மெதுவாக, சில தட்டல்களோடு நிறுத்திவிடு. பேருந்தை நினைத்தபடி வீட்டில் தனியாக இதைச் செய்யாதே. காணொளியைப் பார்த்துக் கண்ணசைவையும் முயலாதே. நினைவு கிளம்பிவிட்டால் அதை அடக்கிக் கரை சேர்க்கப் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

சில விஷயங்களை நீ மறைப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். சில சமயம் நேரம் போனதே தெரியாமல் வெறித்துக்கொண்டு இருந்துவிடுவதையும், சுற்றியிருப்பதெல்லாம் கனவு போலத் தோன்றுவதையும் சிகிச்சையாளரிடம் கட்டாயம் சொல். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எப்போதாவது வந்திருந்தால் அதையும் சொல். கண்ணில் வலியோ, வலிப்போ, கர்ப்பமோ இருந்தாலும் முன்கூட்டியே அவருக்குத் தெரிய வேண்டும். தூக்க மாத்திரையை நீயாக நிறுத்தாதே. கை உயர்த்தினால் அந்த நொடியே நிறுத்துவது என்று பேசி வைத்துக்கொள்வதோடு, ஒருமுறை உயர்த்தியும் பார். நிறுத்தினால் அவர் கோபிக்கமாட்டார் என்பதை உன் உடம்பு அறிந்துகொள்ள வேண்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஆயத்தத்தை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே போகத் தேவையில்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பயத்தைத் தள்ளிப் போடுவதற்கு ஆயத்தம் ஒரு சாக்காகிவிடவும் கூடும். ஆகவே, நான் தயார் என்பதை எதை வைத்து முடிவு செய்வோம் என்று உன் சிகிச்சையாளரிடமே கேள். கேட்க உனக்கு முழு உரிமை உண்டு.

நினைவைத் தொடும் நாள் வந்தால், அன்று மாலை ஸ்கூட்டர் ஓட்டாதே, மறுநாள் விடுப்பு எடுத்துக்கொள். சில நாள்கள் கனவுகள் வரலாம், புதிய துண்டு நினைவுகள் எழலாம். ஒரு நோட்டில் இரண்டு வரியும், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு கலக்கம் என்ற எண்ணும் மட்டும் எழுதிவிட்டு மூடிவிடு. ஆராய்வதை அடுத்த சந்திப்புக்கு விட்டுவிடு. தாங்க முடியாமல் போனால் நேரம் பார்க்காமல் என்னைக் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

2012இல் உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, நடந்ததை நினைக்காதே, படிப்பைப் பார் என்று சொன்னவள் நான்தான். அப்பாவின் பக்கத்தில் விடியும்வரை கிடந்த 17 வயதுப் பிள்ளையிடம் அதைச் சொன்னேன். நீயும் அதன்படியே நடந்தாய். இன்றும் டீசல் வாசனை வந்தால் உன் கை எதையாவது இறுகப் பற்றிக்கொள்கிறது. நான் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்திருக்கிறேன். அழுதால் நீ உடைந்துவிடுவாய் என்று பயந்தேன் பாப்பா. என்னை மன்னித்துவிடு.

முதல் முறை அந்த நினைவைத் தொடும் வாரத்தில் நான் அங்கே இருக்க விரும்புகிறேன், நீ சம்மதித்தால் மட்டும். மதுரையிலிருந்து பகலில் பெங்களூருக்கு வரும் வந்தே பாரத்தில் வந்துவிடுவேன். அறைக்குள் என்ன வந்தது, என்ன பேசினீர்கள் என்று கேட்கமாட்டேன். ரசம் வைத்துத் தருவேன், நீ தூங்கும்வரை பக்கத்தில் இருப்பேன். சிகிச்சையாளர் தேதி சொன்னதும் எனக்குச் சொல், டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா