ஆடிக் காற்றில் தனியாக லைனில் இறங்காதீர்கள், அத்தான்

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் ஜெபாவும் பிள்ளைகளும் சுகம். அக்காவும் பிள்ளைகளும் சுகமென்று போனில் கேட்டுக்கொண்டேன். அம்மாவின் முட்டுவலிக்கு ஜெபா எழுதிக் கொடுத்த மருந்தை விடாமல் போடச் சொல்லுங்கள். அம்மா இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்திவிடுவாள், உங்களுக்கே தெரியும்.

"உங்க ஊர்ல ரயில் லைன்ல நிக்கிறவனுக்கு என்னடே பாதுகாப்பு?" என்று கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டு உங்கள் கேங்கில் மற்றவர்களுக்கும் காட்டுங்கள்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். மலை என்று ஒன்று கண்ணில் படாது. சுற்றிலும் மக்காச்சோளம், அதற்கு நடுவே காற்றாலைகள். முப்பந்தலைத் தட்டையாக்கி வைத்ததுபோல இருக்கும். ஜெபாவின் ஆஸ்பத்திரி வேலையால் இங்கே வந்தோம். நாகர்கோவிலில் வெல்டிங் கற்றது எனக்குக் கைகொடுத்தது, ஒரு சின்ன ரயில் கம்பெனியில் பாதை பராமரிப்பில் சேர்ந்தேன். இங்கே ரயில்வே அரசாங்கத்துடையது இல்லை. சரக்கு ரயில் பெரும்பாலும் தனியார் கம்பெனிகள் கையில், தண்டவாளமும் அவர்களுடையதே. அதனால் கம்பெனி ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், நடுவில் நாங்கள்.

காலையில் லாரி பக்கத்தில் எல்லாரையும் நிறுத்தி, கேங்குக்குத் தலைவரான மேட் பேசுவார். இன்றைக்கு எந்த லைன், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, ரயிலை எப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பக்கத்து லைனில் வண்டி ஓடுமா, வண்டி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று எல்லாம் சொல்வார். புரிந்தது என்று ஒவ்வொருவரும் வாயால் சொன்ன பிறகே வேலை. இது கம்பெனியின் தாராள மனசு இல்லை, சட்டம். மத்திய ரயில் நிர்வாகமான எஃப்.ஆர்.ஏ. 1996-ல் கொண்டுவந்து 1997-ல் நடைமுறைக்கு வந்த விதி. ஓரத் தண்டவாளத்திலிருந்து நாலு அடிக்குள் கால் வைத்தாலே பாதைக்குள் நிற்பதாகத்தான் கணக்கு. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் அந்த நாலு அடிக்குள் யாரும் போகக்கூடாது.

அந்த விதியில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. "இந்த ஏற்பாடு சரியில்லை, எனக்குச் சந்தேகம் இருக்கிறது" என்று கடைசியாகச் சேர்ந்த பையன் சொன்னால்கூட, அது தீரும்வரை அவன் லைனுக்கு வெளியே நிற்கலாம். கம்பெனி அவனை உள்ளே இறங்கச் சொல்ல முடியாது. சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது என்பதற்கும் எழுதிய நடைமுறை வைத்திருக்க வேண்டும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு போல்ட்டை இறுக்குகிற வேலை, ஐந்து நிமிஷம்கூட ஆகாது. எங்கள் கேங்கில் மீசை முளைக்காத ஒரு பையன், "இந்த லைனை நமக்கு எத்தனை மணி வரைக்கும் கொடுத்திருக்கிறார்கள்? நீங்கள் சொன்ன நேரமும் தாளில் இருக்கிற நேரமும் ஒன்றாக இல்லையே" என்றான். மேட் தாளை வாங்கிப் பார்த்தார். எல்லாரையும் லைனை விட்டு மேலே ஏறச் சொல்லிவிட்டு, கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார். அதுவரை அத்தனை பேரும் சும்மா நின்றோம். யாரும் அந்தப் பையனை முறைக்கவில்லை. மத்தியானம் மேட் அவனுக்குத் தன் பங்கிலிருந்து ஒரு ஆப்பிளைக் கொடுத்தார், அவ்வளவுதான். நம்மூரில் அப்படி ஒரு பையன் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். நீங்கள் கீமேனாகத் தோளில் சுத்தியலும் ஸ்பானரும், பையில் சிவப்புக் கொடியும், வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கிற டெட்டனேட்டரும் வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஒதுக்கிய பீட்டில் தனியாக நடந்து பாதையைச் சோதிக்கிறீர்கள். இங்கேயும் தனியாளாக லைனில் போகிறவர்கள் உண்டு. கண்ணையும் காதையும் மட்டும் நம்பி வேலை செய்ய அவர்களுக்கு எப்போது அனுமதி என்பதில் சட்டம் கறாராக இருக்கிறது. கேட்கிற தூரத்தில் பவர் டூலோ மெஷினோ எதுவும் ஓடக்கூடாது. மழை, பனிமூட்டம், பக்கத்து லைனில் போகிற வண்டி, சுற்றுப்புறச் சத்தம் என்று எதுவும் பார்ப்பதையோ கேட்பதையோ கெடுக்கக்கூடாது. கெடுத்தால் அந்த முறை அன்றைக்குச் செல்லாது. வேறு ஏற்பாடு வேண்டும் என்று கேட்கவும், அது வரும்வரை பாதுகாப்பான இடத்தில் நிற்கவும் அந்தத் தனியாளுக்கு முழு உரிமை உண்டு என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

போகுமுன் அவர் ஒரு தாளை நிரப்பிக் கையில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பாதையில் அதிகபட்ச வேகம் எவ்வளவு, அதற்கு எவ்வளவு தூரத்திலேயே வண்டி கண்ணில் பட வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். வண்டி வந்து சேர்வதற்கு 15 நொடி முன்பே ஆள் ஒதுங்கி நின்றிருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. நம்ம லைனுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். வண்டி 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நொடிக்குச் சுமார் 30 மீட்டர். 15 நொடிக்கு 450 மீட்டருக்கு மேல். குனிந்திருக்கிற ஆள் நிமிர்ந்து, கருவியை எடுத்து, ஜல்லியில் தடுமாறாமல் ஒதுங்குவதற்கு இன்னொரு 10 நொடி வையுங்கள். ஆக 750 மீட்டருக்கு அப்பாலேயே வண்டி தெரிந்தாக வேண்டும். உங்கள் பீட்டில் வளைவு இருக்கிற இடங்களில் 750 மீட்டர் தெரியுமா அத்தான்? நீங்களே நின்று பார்த்துச் சொல்லுங்கள்.

அதுவும் ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. பக்கத்தில் நிற்பவன் கத்தினால்கூடக் கேட்காது. டீசல் எஞ்சின் காலத்தில் தூரத்திலேயே ஒரு முழக்கம் வரும். இப்போது மின்சார எஞ்சின், போதாததற்கு நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் வேறு, சத்தமே இல்லாமல் வந்து நிற்கிறது. இரட்டைப் பாதை வந்தது ஊருக்கு நல்லதுதான். ஆனால் ஒரு வண்டி போகிற இரைச்சலில் எதிர்ப்பக்கத்து வண்டி காதில் விழாது. இங்கே அப்படிப்பட்ட இடத்தில், வண்டி வருகிறதா என்று பார்த்து எச்சரிக்க லுக்அவுட் ஆள் நிற்பார். அவருக்கு வேறு வேலையே கொடுக்கக்கூடாது. 'சும்மாதானே நிற்கிறாய், அந்த ஸ்லீப்பரைக் கொஞ்சம் பிடி' என்று சொன்னால் சட்டத்தை மீறியதாகிவிடும். விசில், ஹாரன், கொடி எது தேவையோ அதைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும்.

உங்கள் கேங்கில் அந்த அண்ணன் லைனில் இறந்துபோனபோது, அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள் என்று சொன்னீர்கள். அது என் மனசை விட்டுப் போகவே இல்லை. இங்கே 1908-லேயே ரயில் தொழிலாளிக்கென்று தனி நஷ்டஈட்டுச் சட்டம் வந்துவிட்டது. கம்பெனியின் தப்பை நாம்தான் நிரூபிக்க வேண்டும், அது சுலபம் இல்லை. ஆனால் கம்பெனி ஒரு பாதுகாப்புச் சட்டத்தை மீறியதால் அடிபட்டது என்று காட்டிவிட்டால், 'நீயும் கவனமாக இல்லை' என்று சொல்லி நஷ்டஈட்டில் ஒரு காசு குறைக்க முடியாது. காற்றில் காது கேட்காத இடத்துக்குத் தனியாக அனுப்பியது யார் என்ற கேள்வி முதலில் வரும். அந்த அண்ணனுக்கு அந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா?

இதெல்லாம் இவர்களுக்கு இயல்பாக வந்த நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பெட்டிகளை இணைக்க ஆள் நடுவில் நின்று கையால் இரும்பு முளையைப் போட வேண்டும். விரல் போகும், கை போகும், உயிரும் போகும். லொரென்ஸோ காஃபின் என்று அயோவா மாநிலத்துக்காரர் ஒருவர் வருஷக்கணக்காக இதற்காக அலைந்தார். கடைசியில் 1893-ல் தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்பும் காற்று பிரேக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தது. வண்டி ஓட்டுகிறவர்களின் வேலை நேரத்துக்கு 1907-ல் வரம்பு வைத்தபோது அது 16 மணி நேரம்! அது 12 ஆகக் குறைய இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது. இரண்டு ஷிஃப்டுக்கு இடையில் 10 மணி நேரம் போன்கூடப் பண்ணாமல் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது 2008-ல்தான் சட்டமானது.

இங்கே வந்த புதிதில் ஒன்று எனக்குக் குழப்பமாக இருந்தது. தண்டவாளத்தில் நின்றால் எஃப்.ஆர்.ஏ. விதி, ஒர்க்ஷாப்புக்குள் வெல்டிங்குக்கு உட்கார்ந்தால் தொழிலாளர் துறையின் ஓஷா விதி. 1970-ல் ஒரே வருஷத்தில் ரயில் பாதுகாப்புக்கு ஒரு சட்டமும் எல்லாத் தொழிலாளர் பாதுகாப்புக்கு ஒரு சட்டமும் வந்தன. யார் எதைப் பார்ப்பது என்று இழுபறி. 1978-ல் எஃப்.ஆர்.ஏ. ஒரு அறிக்கை போட்டு எல்லையைச் சொன்னது. ரயில் ஓட்டமும் பாதையும் எங்களுடையது, ஒர்க்ஷாப்பில் ஏணி, புகை, ரசாயனம் மாதிரி மற்றத் தொழிற்சாலைகளிலும் இருக்கிற ஆபத்துகள் ஓஷாவுடையது என்று. ஜல்லி கொட்டும்போது கிளம்புகிற தூசிக்கும் ஓஷாதான். அந்தத் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலை அரித்துவிடும். ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் வரம்பு வைத்தார்கள். உங்கள் இருமலைப் பற்றி அக்கா சொன்னாள். ஜல்லி வேலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அது அந்தத் தூசியைத் தடுக்காது. நல்ல மாஸ்க் அனுப்புகிறேன். நாகர்கோவிலில் நெஞ்சு எக்ஸ்ரேயும் ஒன்று எடுத்துவிடுங்கள்.

சட்டம் இருந்தும் இங்கேயும் சாகிறார்கள். 2016 ஏப்ரல் 3-ல் பென்சில்வேனியாவில் செஸ்டர் என்ற இடத்தில் ஆம்ட்ராக் பயணிகள் ரயில் லைனில் நின்ற தோண்டும் இயந்திரத்தில் மோதி, பாதைத் தொழிலாளிகள் இருவர் இறந்தார்கள். ராத்திரி மேட் மாறிப் பகல் மேட் வருகிற நேரத்தில், லைனை மூடி வைத்திருந்த அனுமதி முடிந்துபோனது, புது அனுமதி வாங்கவில்லை. வண்டி வந்துவிட்டது. எங்களுக்கு இந்த விபத்தைப் பாடமாகவே நடத்தினார்கள். அந்தப் பையன் நேரத்தைப் பற்றிக் கேட்டபோது மேட் உடனே எல்லாரையும் ஏறச் சொன்னதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பயமும் இருக்கிறது. அடிபட்டதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று மறைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகவே இருந்த சட்டத்தை 2007-ல் பலப்படுத்தினார்கள். அடிபட்டதைச் சொன்னதற்காகவோ ஆபத்தைச் சுட்டிக்காட்டியதற்காகவோ கம்பெனி பழிவாங்கினால் 180 நாளுக்குள் ஓஷாவிடம் புகார் கொடுக்கலாம். புகார் உண்மையென்று தெரிந்தால் வேலையும் பாக்கிச் சம்பளமும் திரும்பக் கிடைக்கும், அதற்குமேல் தண்டனைத் தொகையாக 2,50,000 டாலர் வரை போட முடியும். கம்பெனிக்காரர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

நம்ம நாட்டில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரை ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வைக்காமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவனே சோதிக்கிறவனாக இருக்கக்கூடாது என்ற புத்தி நமக்கும் இருக்கிறது. அது பயணிக்கு மட்டும் என்று நின்றுவிடாமல், லைனில் நடக்கிறவன் வரைக்கும் வர வேண்டும். வண்டி வருவதை முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லும் 'ரக்ஷக்' கருவியைக் கீமேன்களுக்குக் கொடுக்கிறார்களே, உங்கள் பீட்டுக்கு வந்துவிட்டதா? வராவிட்டால் யூனியன் வழியாக எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும். காற்று அடிக்கிற மாதங்களில் கணவாய்ப் பகுதிக்கு இரண்டு பேராகத்தான் போவோம், ஒருவர் லுக்அவுட் மட்டும் பார்ப்பார் என்றும் அதிலேயே சேருங்கள். எந்த வளைவில் எத்தனை மீட்டர் தெரிகிறது என்று அளந்து ஒட்டிவையுங்கள். கணக்கோடு போகிற மனுவை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

நான் சொன்ன அந்தத் தாளின் வெறும் படிவம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். ஜெபாவின் சித்தி பையன் வருகிற மாதம் மார்த்தாண்டம் வருகிறான், மாஸ்க்கையும் இரண்டு விசிலையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அளவெடுத்ததும் மனுவை எனக்கு போட்டோ எடுத்து அனுப்புங்கள், எதையாவது சேர்க்க வேண்டுமென்றால் சொல்கிறேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் மைத்துனன்,
செல்வின்