கொசுக்கடி என்றே இரண்டு வருஷம் போனது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வெயில் காலத் தோல் நோய்கள் பற்றி உங்கள் பேப்பரில் ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. வேர்க்குரு, வேனல் கட்டி, படர்தாமரை எல்லாம் இருந்தது, பருத்தித் துணி உடுத்துங்கள், இரண்டு வேளை குளியுங்கள், மோர் குடியுங்கள் என்பதும் இருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் நான் தேடிய ஒரு வரியைக் காணோம். தோலில் வந்தது மாதக்கணக்கில் ஆறவில்லை, ஆறினாலும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் எச்ஐவிக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள் என்கிற வரி. 2010ல் யாராவது அதை என்னிடம் சொல்லியிருந்தால் என் உடம்பு இரண்டு வருஷம் வீணாகத் தேய்ந்திருக்காது. இப்போது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது, துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற எனக்கும் வேலை இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது 31 வயது. வலது பக்க விலாவில் இரண்டு நாள் எரிச்சல், மூன்றாம் நாள் கொப்புளம் கொப்புளமாக முதுகிலிருந்து மார்பு வரைக்கும் பாதி இடுப்புப்பட்டி கட்டினது போல வந்தது. ஒரு பக்கம் மட்டும்தான், நடுக்கோட்டைத் தாண்டவில்லை. பார்த்தவுடனே எங்கள் ஆயா அக்கி என்று சொல்லிவிட்டது. கூட்டிப்போய் காவி மண் குழைத்து எழுதிக்கொண்டு வந்தோம். ஆயாவைக் குறை சொல்ல மாட்டேன், அது பெயரைச் சரியாகத்தான் சொன்னது, நான் பிற்பாடு பார்த்த ஒரு கிளினிக்கில் அதைக்கூடச் சொல்லவில்லை. அக்கி என்பது சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமிதான். அம்மை இறங்கினாலும் அது நரம்புக்குள் ஒளிந்துகொண்டு கிடக்கும், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைகிற நேரம் பார்த்து அந்த நரம்பு ஓடுகிற வழியே வெளியே வரும். வயதானவர்களுக்கு வருவது சகஜம். முப்பது வயது ஆளுக்கு வந்தால், ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் அதற்கான மாத்திரையைத் தொடங்கினால் நல்ல பலன் இருக்கும் என்பதும், நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் பார்வைக்கே ஆபத்து என்பதும் எனக்குத் தெரிந்தபோது அக்கி ஆறிப் பல காலம் ஆகிவிட்டது. வலி மட்டும் நாலு மாசம் இருந்தது, சட்டை உரசினாலே உயிர் போகும்.

அது போய்க் கொஞ்ச நாளில் கை காலெல்லாம் சின்னச் சின்னத் தடிப்பு. அரிப்பென்றால் அப்படி ஒரு அரிப்பு, சொறிந்து சொறிந்து கருந்தழும்பாகிவிட்டது. இங்கேதான் எல்லோரும் டாக்டர் ஆனார்கள். உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் கரப்பான், நிறுத்து என்றார் இன்னொருவர், காசிமேட்டில் இருந்துகொண்டு கருவாட்டையும் இறாலையும் விட்டுவிட்டு எதைத் தின்பது? பெரும்பாலானவர்கள் சொன்னது கொசுக்கடி. பக்கத்திலே கால்வாய், சாயங்காலம் ஆனால் கொசு மொய்க்கும், நம்பாமல் என்ன செய்ய? வேடிக்கை என்னவென்றால் அது பாதி உண்மை. எச்ஐவி முற்றிய நிலையில் சாதாரணக் கொசுக்கடிக்கே உடம்பு அளவுக்கு மீறி எகிறும், அதனால்தான் இந்த அரிப்புத் தடிப்பு என்று பிறகு ஒரு டாக்டரம்மா சொன்னார். இதைப் படித்துவிட்டு யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கொசு எச்ஐவியைப் பரப்பாது. கடித்த இடத்தில் உடம்பு காட்டுகிற கோபம்தான் வேறே.

தொடை இடுக்கில் படர்தாமரையும் சேர்ந்துகொண்டது. மெடிக்கலில் போய்ச் சொன்னால் ஒரு ட்யூப் தருவார்கள், சீட்டு கேட்க மாட்டார்கள். தடவின இரண்டாம் நாள் அரிப்பு நின்றுவிடும், ஆகா என்ன மருந்து என்று தோன்றும். நிறுத்தின ஒரு வாரத்தில் முன்பை விட அகலமாக வரும், வட்டம் கலைந்து என்ன நோய் என்றே தெரியாதபடி உருமாறி இருக்கும். அந்த ட்யூபில் இருப்பது ஸ்டீராய்டு. அது அரிப்பை அடக்கும், பூஞ்சைக்குத் தீனி போடும். பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் 2018லேயே அரசு சேர்த்துவிட்டது, எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. நான் ஒன்றரை வருஷம் இப்படி ட்யூப் மாற்றி ட்யூப் தடவினவன். கணக்குப் போட்டால் ஒரு நல்ல சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

கடைசியில் 2012ல் ஸ்டான்லிக்குப் போனேன், எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னமும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். தோல் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பழைய அக்கித் தழும்பைப் பார்த்து எப்போது வந்தது என்று கேட்டார், அப்புறம் வாயைத் திறக்கச் சொன்னார். தோலுக்கு வந்தவனை எதற்கு வாயைத் திறக்கச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டினது போல வெள்ளை. டார்ச்சை அணைத்துவிட்டு மெதுவாக, ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா, உங்களுக்குச் சம்மதமா என்றார். இரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எச்ஐவி பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள், காசு கிடையாது, முதலில் உட்கார வைத்துப் பேசினார்கள், பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். எச்ஐவி இருக்கிறது என்று வந்தது. சிடி4 என்று ஒரு எண் சொல்வார்கள், நோயை எதிர்க்கிற அணுக்களின் கணக்கு, நன்றாக இருக்கிற உடம்பில் 500க்கு மேல் இருக்கும். எனக்கு 118.

இந்தியாவில் இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டுபிடித்ததே நம் சென்னையில்தான். 1986ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் சேர்ந்து செய்த வேலை. எச்ஐவிக்கு இலவச மாத்திரை 2004ல் வந்தபோது முதலில் கொடுக்கத் தொடங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. எல்லாம் இங்கேயே இருக்கிறது, ஆனால் தோலில் வந்தால் மட்டும் நாம் மெடிக்கல் கடையைத் தாண்டிப் போவதில்லை.

மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை மாதத்தில் இன்னொரு கூத்து. அக்கி மறுபடியும் வந்தது, இந்தத் தடவை தோளில். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, சூடு ஏற்றிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நிறுத்துவது என்று முடிவே பண்ணிவிட்டேன். நல்லவேளை, டப்பாவைத் திருப்பிக் கொடுக்கலாமென்று மையத்துக்குப் போனேன். ஆலோசகர் அக்கா உட்கார வைத்து விளக்கினார். இத்தனை நாள் தூங்கின எதிர்ப்புச் சக்தி இப்போதுதான் விழித்துக்கொண்டிருக்கிறது, விழித்ததும் உள்ளே கிடக்கிற பழைய கிருமிகளோடு சண்டை போடுகிறது, தோலில் தெரிவது அந்தச் சண்டை, நிறுத்தினால் கெட்டது என்றார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். சில மாத்திரைகள் நிஜமாகவே தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும், வாய் புண்ணாகி, கண் சிவந்து, தோல் உரிந்து, காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். எது சண்டை, எது ஒவ்வாமை என்பது நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். நாமாக நிறுத்தக் கூடாது, நாமாகப் பொறுத்துக்கொண்டு கிடக்கவும் கூடாது. ஒரு வருஷம் முடிவதற்குள் அரிப்பு போயே போய்விட்டது, எந்த ட்யூபும் இல்லாமல். தழும்பு மட்டும் இருக்கிறது.

என் கதையை விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவனுடையது. அவன் எச்ஐவி மாத்திரையைப் பாதியில் விட்டவன். கையிலும் விரல் இடுக்கிலும் முட்டியிலும் காய்ந்த மாவு அப்பினது போலத் தடித்த செதில், பெரிதாக அரிப்பும் இல்லை, அதனால் சொறிசிரங்கு என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் அது சிரங்கேதான். எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் அந்தச் சிரங்குப் பூச்சி பத்து இருபது என்று இருக்காது, ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். ஒரே அறை வீடு, ஒரே பாய், ஆறு பேர். அம்மா, அண்ணி, குழந்தைகள் என்று வீடே ராத்திரியெல்லாம் சொறிந்தது. தெருவில் என்ன பேச்சு தெரியுமா? அவனிடமிருந்து எய்ட்ஸ் வீடு பூராவும் பரவிவிட்டது. குழாயடியில் அந்த அம்மாவின் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். பரவினது பூச்சி, எச்ஐவி இல்லை. தொட்டால், சேர்ந்து படுத்தால், துண்டு மாற்றிப் போட்டால் எச்ஐவி வராது, சிரங்குப் பூச்சி வரும், யாரிடமிருந்தும் யாருக்கும் வரும். வீட்டில் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரைக்கும் களிம்பு தடவி, காலையில் குளித்து, துணியும் போர்வையும் வெந்நீரில் அலசி, ஒரு வாரம் கழித்து மறுபடி அதையே செய்ததும் வீடு சரியாகிவிட்டது. தம்பிக்கு மட்டும் களிம்போடு மாத்திரையும் சேர்த்துப் பல தடவை கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது எச்ஐவி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறான். குடம் விஷயத்தை அந்த அம்மா இன்னும் மறக்கவில்லை.

படித்தவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2019ல் எனக்குத் தொடையில் ஒரு கட்டி, சீழ் பிடித்துவிட்டது. ஒரு தனியார் கிளினிக்கில் கீறிவிட உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கையுறை எல்லாம் போட்டுவிட்டார், நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். கையுறையைக் கழற்றிவிட்டு, இதற்கு இங்கே வசதி இல்லை என்றார். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் இருந்த வசதி! எச்ஐவி இருக்கிறது என்பதற்காக யாருக்கும் வைத்தியம் மறுக்கக் கூடாது என்று 2017ல் சட்டம் போட்டாயிற்று, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்தாயிற்று. சட்டத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடுகிற நிலையிலா இருந்தேன், நடக்கவே முடியவில்லை. ஆட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், பத்து நிமிஷ வேலை, முடித்து அனுப்பினார்கள்.

எழுதிக்கொண்டு வரும்போதே எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நாளைக்கு எவனாவது பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவன் கைத் தழும்பைப் பார்த்து நகர்ந்து நின்றால்? படர்தாமரை இருக்கிறவர்களில் ஏகப்பட்ட பேருக்கு எச்ஐவி கிடையாது, சர்க்கரை இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் ஈரத் துணியாலும் வரலாம். தோலைப் பார்த்து யாருக்கு என்ன நோய் என்று சொல்ல முடியாது, அதற்குத்தான் பரிசோதனையே. நான் சொல்வது அடுத்தவன் தோலைப் பார்ப்பதற்கு இல்லை, அவரவர் தோலை அவரவர் பார்ப்பதற்கு. இளம் வயதில் அக்கி, எத்தனை ட்யூப் தடவினாலும் போகாத அரிப்பு, முகத்தில் கொத்துக் கொத்தாகப் பாலுண்ணி, வாய்க்குள் வெள்ளை, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், எச்ஐவி டெஸ்ட் எடுக்கலாமா என்று. டாக்டர் கேட்பார் என்று காத்திருந்தால் என்னைப் போலத்தான். இப்போது சிடி4 இறங்குகிற வரைக்கும் நிறுத்தி வைப்பதில்லை, எச்ஐவி இருக்கிறது என்று தெரிந்தாலே 2017லிருந்து மாத்திரை தொடங்குகிறார்கள், பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. கிருமி ரத்தத்தில் பார்க்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால் உடலுறவு மூலம் துணைக்கும் தொற்றாது. வீட்டிலிருந்தே கேட்க வேண்டுமானால் 1097 இலவச எண்.

அடுத்த முறை தோல் பற்றிப் பக்கம் போடும்போது அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். மூலையில் சின்னக் கட்டம் கொடுத்தாலும் போதும், அந்த 1097ஐ மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். அப்புறம் படத்துக்கு எப்போதும் போடுகிற அந்தப் பளபளப்பான கன்னம் வேண்டாம், வெள்ளரிக்காய் வில்லையும் வேண்டாம், எங்கள் பக்கத்தில் யாருக்கும் அப்படி ஒரு கன்னம் கிடையாது. என் பெயரைப் போட வேண்டாம். வீட்டில் தெரியும், துறைமுகத்தில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு நானே சொல்கிற அன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஊர்ப் பெயரைப் போடலாம், காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாத வாசகர்,
காசிமேடு, சென்னை – 13.