ஸ்டாக்கில் மட்டும் இருக்கிற பிட்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கிருஷ்ணகிரியில் இப்போது மாங்காய் சீசன். பெங்களூரா காய்க்குக் கூழ் ஃபேக்டரியில் சொல்கிற விலை பறிகூலிக்கே பத்தாது என்று அப்பா தினமும் புலம்புகிறார்.

"ஓடுகிற ப்ரோக்ராமை ஏன்டா கலைக்கிறே?" என்று கேட்டிருந்தாய். 6502 என்கிற பழைய ப்ராசஸர் சிப்பைப் போலவே நடக்கிற ப்ரோக்ராம் (எமுலேட்டர்) எழுதுகிறேன் அல்லவா, அது ஓடியது, ஆனால் சில சமயம் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. மூன்று ராத்திரி போச்சு. தப்பு என்னுடையதுதான். ஒவ்வொரு ஆணைக்கும் 'என்' (விடை நெகட்டிவ்), 'இசட்' (விடை பூஜ்யம்) என்ற ஃப்ளாக்குகளை, அதாவது ஒரு பிட் அடையாளங்களை, எழுதச் சோம்பல்பட்டு, கடைசி விடையை மட்டும் வைத்துக்கொண்டு கேட்கும்போது கணக்குப் போட்டேன். விடை பூஜ்யமா, இசட். மேல்கோடியில் இருக்கும் 7ஆம் பிட் 1ஆ, 'என்'.

கவிழ்த்தது 'பிட்' என்ற ஆணை (பேரைப் பார்!). அது அக்யுமுலேட்டரையும் (சிப்புக்குள் கணக்குப் போடும் இடம்) மெமரியின் ஒரு பைட்டையும் 'ஆண்ட்' செய்து (இரண்டிலும் 1 இருக்கிற பிட் மட்டும் 1) இசட்டை வைக்கிறது. 'என்' ஃப்ளாக்கை மட்டும் மெமரியின் 7ஆம் பிட்டிலிருந்து நேராக எடுக்கிறது, 'வி' என்ற இன்னொரு ஃப்ளாக்கை 6ஆம் பிட்டிலிருந்து. அதனால் 'இசட்', 'என்' இரண்டும் ஒரே நேரத்தில் 1 ஆகலாம். ஒரே விடை பூஜ்யமாகவும் நெகட்டிவாகவும் எப்படி இருக்கும்? 6502 வைத்த பழைய ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் விசை அழுத்தியதற்கு அடையாளம் அந்த 7ஆம் பிட்தான். அக்யுமுலேட்டரின் 7ஆம் பிட் 1 ஆக இருந்தால் தப்பித்தேன், 0 ஆக இருந்தால் சுற்றிக்கொண்டே கிடந்தேன்.

இப்போது சிப்பின் ஆறு ஃப்ளாக்குக்கும் தனித்தனி வேரியபிள். எல்லாவற்றையும் ஒரே பைட்டாகக் கட்டுவது ஸ்டாக்கில் (மெமரியில் தற்காலிகமாகச் சேமிக்கும் அடுக்கு) போடும்போது மட்டும், அதுவும் ஒரே ஃபங்ஷனில். இதில்தான் அந்தப் பைட்டில் தெரிகிற 'பி' ஃப்ளாக் பற்றிய குழப்பமும் தீர்ந்தது. சிப்புக்குள் அப்படியொரு ஃப்ளாக்கே கிடையாது! பிஎச்பி, பிஆர்கே என்ற இரண்டு ஆணைகளும் ஸ்டாக்கில் போடும்போது பி-யின் இடத்தில் 1; வெளியிலிருந்து வரும் இன்டரப்ட் (நடக்கிற வேலையை இடைமறிக்கும் சிக்னல்) போட்டால் 0. திரும்ப எடுக்கும்போது அதைக் கண்டுகொள்ளவே கூடாது. 5ஆம் பிட் எப்போதும் 1. நானோ இல்லாத ஒன்றுக்கு வேரியபிள் வைத்து, பதினோரு இடத்தில் அழித்தும் எழுதியும் கொண்டிருந்தேன்.

டெசிமல் மோடை (தசம எண்ணில் கணக்குப் போடும் முறை) இன்னும் தொடவில்லை. ஆடி பதினெட்டுக்கு ஊருக்கு வருவாய் அல்லவா, லேப்டாப்போடு வா. கே.ஆர்.பி. டேம் பார்க்கில் உட்கார்ந்து பார்ப்போம். மீன் வறுவல் என் செலவு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்