ஈயத் துண்டு கொடுத்த பெரியவருக்கு நன்றி

நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக பால்சா என்ற லேசான மரக் குச்சிகளை ஒட்டிக் கட்டிய என் மாதிரி விமானம், ஜூனியர் 60, போன ஞாயிறு பறந்துவிட்டது! 1940களில் இங்கிலாந்தின் கீல்கிராஃப்ட் நிறுவனம் விற்ற பழைய மாடல், 60 அங்குல இறக்கை. அந்தக் காலத்தில் ரேடியோ கட்டுப்பாடு இல்லாமல் பறக்கவிட்டது. நான் ரேடியோவும் மின்மோட்டாரும் வைத்தேன்.

இங்கே இங்கிலாந்தில், கென்ட்டில் ஒரு புல்வெளி. வீசக் கையை ஓங்கியபோது, பிளாஸ்கோடு நின்றிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தடுத்தார். இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் விரல்நுனி கொடுத்துத் தூக்கினார். வால் பொத்தென்று தொங்கியது, பின்பக்கம் கனம். அப்படியே விட்டிருந்தால் மூக்கைத் தூக்கி, வேகம் போய், நேராகத் தரைதான். பேட்டரியை முன்னே தள்ளினார், போதவில்லை. தன் பெட்டியிலிருந்து ஒரு ஈயத் துண்டை எடுத்து மூக்கில் ஒட்டினார். (வீட்டில் நிறுத்துப் பார்த்தேன், 45 கிராம்!)

மேலே போனதும் என் விரல் நடுங்க, விமானமும் தள்ளாடியது. ரேடியோவின் கட்டுப்பாட்டுக் குச்சியை விட்டுவிடு, அதுவே பறக்கும் என்றார் பெரியவர். விட்டேன். இரு நுனியும் மேல்நோக்கி ஏறியிருக்கும்படி கட்டிய இறக்கை, அதனால் விமானம் தானே நிமிர்ந்துகொண்டது.

பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, சரி, இருந்தாலும் எழுதுகிறேன்: ரொம்ப நன்றி ஐயா. உங்கள் ஈயம் இன்னும் மூக்கில்தான் இருக்கிறது.