மக்காச்சோளத்துக்குக் களை மருந்து அடிக்கும் முன்

குழு உறவுகளுக்கு வணக்கம். மக்காச்சோளம் விதைத்து 20 நாள் கடந்துவிட்டது. சாரணையும் பார்த்தீனியமும் எழும்பிவிட்டதால் பலரும் அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் 2,4-டி என்ற களை மருந்தை அடிக்கத் தயாராகிறீர்கள். நம் பெரம்பலூர்ப் பக்கம் சோளத்துக்கு அடுத்த வரப்பிலேயே பருத்தி நிற்கிறது. போன ஆண்டு பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து, என் பருத்தி இலைகள் வெண்டை இலைபோல் விரல் விரலாகச் சுருங்கின. காய் பிடிக்கவே இல்லை. அந்த வேதனை இன்னொருவருக்கு வரக்கூடாது.

1. காற்று அடங்கிய நேரத்தில் மட்டும் அடியுங்கள். பருத்தி, தக்காளி, கத்தரி பக்கம் காற்று வீசினால் அன்று வேண்டாம்.
2. ஊடுபயிராக உளுந்து இருந்தால் இந்த மருந்தைத் தொடவே கூடாது.
3. அளவு மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டில் உள்ளபடியே. கூட்டினால் சோளமும் வாடும்.
4. களை மருந்துக்குத் தனித் தெளிப்பான். கழுவிவிட்டோம் என்று அதையே பருத்திக்கு எடுக்காதீர்கள்.
5. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம்.

ஞாயிறு காலை 7 மணிக்குக் களத்துமேட்டில் கூடி, யார் எந்த நாளில் அடிப்பது என்று முடிவு செய்வோம். பருத்தி வைத்திருப்பவர்கள் எந்தத் திசையில் என்று சனி மாலைக்குள் இங்கே பதிவிடுங்கள்.